‘நிறுத்து’ என்றால் எதை நிறுத்துவது? ஓபிஎஸ் ஏஜென்டுக்கு டூல் விளக்கம் எழுதுவது பற்றி

ரப்பர்கொட்டை:

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்துக் கோயில்களுக்குத் திருவிழா நேரலை போடுவது என் வார இறுதி வேலை. மூன்று கேமரா, ஒரு லேப்டாப், கேமரா காட்சிகளை (சீன்) மாற்றி நேரலையும் ரெக்கார்டிங்கும் செய்யும் ஓபிஎஸ் மென்பொருள். துணைக்கு ஒரு பையன் வருவான், உருமி மேளம் தொடங்கினால் அவனும் ஆடப் போய்விடுவான். அதனால் ஓபிஎஸ்ஸுக்கு வெளியிலிருந்து கட்டளை அனுப்பும் வழியான வெப்சாக்கெட்டுக்கு மேல் ஒரு எம்சிபி சர்வர் (ஏஐ அழைக்கக்கூடிய கட்டளைகளை, அதாவது டூல்களை, அதற்குக் கொடுக்கும் நிரல்) எழுதி, ஏஐ ஏஜென்டிடம் சொன்னால் சீன் மாறுகிற மாதிரி செய்து வைத்திருக்கிறேன். 28ஆம் பதிப்பிலிருந்து வெப்சாக்கெட் உள்ளேயே வருகிறது, 4455 போர்ட், ஒரு பாஸ்வேர்டு, அவ்வளவுதான்.

போன ஞாயிறு தீமிதி. பூக்குழி இறங்குவதற்கு முன் ரெக்கார்டிங்கை வேறு ஃபைலாக்கலாம் என்று “நிறுத்திட்டு மறுபடி ஆரம்பி” என்றேன். அது நேரலையை நிறுத்திவிட்டது. வீடியோ வருவது நின்றால் நேரலையைத் தானே முடித்துவிடும் யூடியூபின் ஆட்டோ ஸ்டாப்பை நான் அணைக்கவில்லை, அதனால் பழைய லிங்க் அதோடு முடிந்தது. சிங்கப்பூரில் வேலை செய்யும் பிள்ளைகளிடமிருந்து வரிசையாகப் போன், தலைவர் மைக்கிலேயே என் பெயரைக் கூப்பிட்டுக் கேட்டார்.

டூல்களுக்கு நான் எழுதிக் கொடுத்த விளக்கங்கள் இவ்வளவுதான்: ‘ஸ்டாப் ஸ்ட்ரீம் – ஸ்ட்ரீமை நிறுத்தும்’, ‘ஸ்டாப் ரெக்கார்டு – ரெக்கார்டை நிறுத்தும்’, ‘டாகில் மியூட் – மியூட்டை மாற்றும்’, ‘செட் வால்யூம் – ஒலி அளவை வைக்கும்’. தப்பு எங்கே?

கோப்பிக்கடை மேசை:

தம்பி, இது விளக்கமே இல்லை, டூலின் பெயரை இன்னொரு தடவை எழுதியிருக்கிறீர்கள். உங்கள் பையன் வராத அன்று ஓபிஎஸ்ஸைப் பார்த்தே இராத ஒருவனை மேசையில் உட்கார வைத்தால் என்ன சொல்லிவிட்டுப் போவீர்கள்? அதை எழுதுங்கள். ஸ்டாப் ஸ்ட்ரீமுக்கு நான் எழுதுவது இப்படி: “வெளியே பார்த்துக்கொண்டிருப்பவர்களுக்கு நேரலை துண்டிக்கப்படும். ரெக்கார்டிங் பாதிக்கப்படாது. ரெக்கார்டிங்கை மட்டும் நிறுத்த ஸ்டாப் ரெக்கார்டு டூலைப் பயன்படுத்து. பயனர் வெறுமனே ‘நிறுத்து’ என்றால் இதை அழைக்காதே, எதை என்று கேள்.” பக்கத்து டூலின் பெயரை இதற்குள்ளேயே சொல்லிவிடுவதுதான் முக்கியம், குழப்பம் வருவதே அந்த இரண்டுக்கும் நடுவில்தான்.

இருக்கும் நிலையை எதிராகத் திருப்பிப் போடும் டாகிலைத் தூக்கிப் போடுங்கள். தோட்டத்து இணைய லைனில் பதில் வரத் தாமதமானால் ஏஜென்ட் இன்னொரு தடவை அழைக்கும், மூடிய மைக் திறந்துகொள்ளும். எனக்கு நடந்தது, பூசாரி தட்டுக் காசைப் பற்றிப் பேசியது அப்படியே ஊருக்கெல்லாம் போனது. மியூட் ‘ஆம்’ அல்லது ‘இல்லை’ என்று நேராக வைக்கும் கோரிக்கை ஓபிஎஸ்ஸிலேயே இருக்கிறது, எத்தனை தடவை அழைத்தாலும் அதே நிலைதான்.

வால்யூமுக்கு அலகு எங்கே? வெப்சாக்கெட் இரண்டு விதமாக வாங்கும்: டெசிபலில் என்றால் -100 முதல் 26 வரை, பெருக்கலில் என்றால் 0 முதல் 20 வரை. பெருக்கலில் 1 என்பதுதான் சாதாரண அளவு. பத்துக்கு ஐந்து என்று நினைத்து ஏஜென்ட் 5 கொடுத்தால் கிட்டத்தட்ட 14 டெசிபல் கூடிவிடும், உருமிக்கு 14 டெசிபல் கூடினால் கேட்கிறவன் காது என்ன ஆகும்?

அஞ்சாம் டிவிஷன்:

அண்ணன் சொன்னதோடு ஒன்று. டூல் என்ன பதில் தரும், அந்தப் பதிலுக்கு என்ன அர்த்தம் என்பதையும் எழுத வேண்டும். ஸ்டார்ட் ஸ்ட்ரீமுக்குச் ‘சரி’ என்று பதில் வந்தால் கட்டளை போய்ச் சேர்ந்தது என்றுதான் பொருள், நேரலை ஓடுகிறது என்று இல்லை. “சில விநாடி கழித்து ஸ்ட்ரீம் நிலையைக் கேட்டுப் பார்த்த பிறகே பயனரிடம் தொடங்கியது என்று சொல்” என்று சேர்த்த பிறகுதான் என் ஏஜென்ட் பொய் சொல்வதை விட்டது.

அதற்காக எல்லா டூலுக்கும் ஒரு பக்கம் எழுதிவிடாதீர்கள், அத்தனையும் ஒவ்வொரு தடவையும் மாடலுக்குள் போகிறது. நான் முதலில் வெப்சாக்கெட்டில் இருந்த கோரிக்கைகளையெல்லாம் அப்படியே டூலாக்கினேன், இப்போது ஒன்பதுதான். உதாரணத்துக்கு, சீனில் இருக்கும் ஒரு பொருளை மறைக்க வெப்சாக்கெட் எண்ணைக் கேட்கும், பெயரை ஏற்காது. எண்ணைத் தேட ஒரு டூல், மறைக்க ஒரு டூல் என்று வைத்திருந்தேன், பாதி நேரம் வேறு சீனின் எண்ணைக் கொண்டுவந்து நிற்கும். இப்போது சீன் பெயரையும் பொருளின் பெயரையும் கொடுத்தால் தேடுவது என் கோடின் வேலை.

மழைக்கால மரம்:

எல்லாம் சரி, ஆனால் விளக்கம் பூட்டு ஆகாது. ‘அழைக்காதே’ என்று எழுதினாலும் ஒரு நாள் அழைக்கும். எம்சிபியில் ‘இது ஆபத்தான டூல்’ என்று குறிக்க வழி உண்டு, அதுவும் வெறும் குறிப்புதான், யாரையும் தடுக்காது. நேரலையை நிறுத்துவது திருவிழாவுக்கு ஒரு தடவை. அதற்குக் கையால் ஒரு பட்டனை அமுக்கினால் என்ன குறைந்துவிடும்? அந்த டூலையே ஏஜென்டுக்குக் கொடுக்காதீர்கள்.

ரப்பர்கொட்டை:

நேற்றிரவு உட்கார்ந்து மாற்றினேன். ஸ்டாப் ஸ்ட்ரீம் போய்விட்டது, டாகில் போய்விட்டது. “நிறுத்து” என்றதும் “ரெக்கார்டிங்கையா?” என்று கேட்டது, சிரிப்பு வந்துவிட்டது. இப்போது வேறு தொல்லை: என் சீனின் பெயர் ‘பூக்குழி’, அது ‘பூக்குளி’ என்று அனுப்புகிறது, ஓபிஎஸ் அப்படி ஒரு சீனே இல்லை என்கிறது.

அஞ்சாம் டிவிஷன்:

எங்கள் வாட்ஸ்அப் குழுவில் பாதிப் பேர் அப்படித்தான் எழுதுகிறார்கள், மாடலை மட்டும் திட்டி என்ன பயன்! ‘சீன் இல்லை’ என்று மட்டும் சொல்லாமல், இருக்கிற சீன் பெயர்களின் பட்டியலையும் பிழைச் செய்தியோடு திருப்பி அனுப்புங்கள், அடுத்த அழைப்பில் அதுவே திருத்திக்கொள்ளும்.