ஆர்டுயினோவில் ஈ.சி.ஜி: வகுப்பறையில் மட்டும் கோடு தடித்துப் போகிறது

கொக்குவில் ரீச்சர்:

வணக்கம். நான் யாழ்ப்பாணத்தில் உயர்தர வகுப்புக்கு உயிரியல் படிப்பிக்கிறேன். ஈ.சி.ஜி என்பது இதயத்தின் மின்துடிப்பைக் கோடாகக் கீறுவது. அதில் வரும் பி அலை, கியூ.ஆர்.எஸ், ரி அலை எல்லாவற்றையும் பிள்ளைகள் வடிவாகக் கீறிப் பெயர் குறித்துப் புள்ளி எடுத்துவிடுகிறார்கள். ஆனால் தன்னுடைய இதயம் கீறும் கோட்டை ஒரு பிள்ளையும் கண்டதில்லை. அதை வகுப்பில் காட்ட வேண்டும் என்று இரண்டு மாதமாக மினக்கெடுகிறேன்.

என்னிடம் இருப்பது ஆர்டுயினோ ஊனோ என்ற சின்னக் கணினிப் பலகை, இதயத்தின் மின்துடிப்பைப் பெருக்கித் தரும் ஏடி8232 சிறு பலகை, மூன்று வயர், ஒட்டும் மின்வாய்கள். கோட் (நிரல்) இணையத்தில் எடுத்தது. அளவீடுகளைத் திரையில் கோடாகக் காட்டும் ஆர்டுயினோ மென்பொருளின் சீரியல் புளொட்டரில் பார்க்கிறேன். வீட்டில் பரவாயில்லை, துடிப்பு தெரிகிறது. வகுப்பறையில் கோடு ஒரு சாண் ரிபன் போலத் தடித்துவிடுகிறது. நடுவில் கியூ.ஆர்.எஸ்ஸின் ஆர் முனை மட்டும் எட்டிப் பார்க்கும், பி அலை தேடினாலும் இல்லை.

போன கிழமை ஒரு விஷயம் கவனித்தேன். பாடம் நடக்கும்போது கரண்ட் நின்றது. ஃபான் நின்றது, லப்டொப் பற்றறியில் ஓடியது. அந்தப் பத்து நிமிடமும் கோடு அவ்வளவு துப்புரவாக வந்தது, ரி அலைகூடத் தெரிந்தது. கரண்ட் வந்ததும் பழையபடி ரிபன்.

அந்த நிரலில் இரைச்சலை வெட்டும் ஒரு ஃபில்டரும் இருக்கிறது, "நொட்ச் 60" என்று ஒரு வரி. அதையும் மீறி ஏன் இப்படி? இன்னொன்று, புளொட்டரில் ஓடும் கோடு சேமிக்கப்படுவதில்லை. பதிவு செய்து வைக்க நல்ல திறந்த மூல மென்பொருள் எது?

ஈயப்பற்று:

ரீச்சர், விடையை நீங்களே எழுதிவிட்டீர்கள். கரண்டிலிருந்து வரும் இரைச்சல்தான் கோட்டைத் தடிக்க வைக்கிறது. அந்த 60 அமெரிக்காவின் மின்சாரம். அங்கே 60 ஹேர்ட்ஸ், எங்கள் நாட்டில் 230 வோல்ற், 50 ஹேர்ட்ஸ். உங்கள் ஃபில்டர் இங்கே இல்லாத இரைச்சலை வெட்டுகிறது, இருக்கிற இரைச்சலை விட்டுவிடுகிறது.

ஆனால் 60ஐ 50 ஆக்கினாலும் முழுதாகச் சரிவராது. இணையத்தில் பலரும் பிரதி எடுக்கிற கோட் அளவீடுகளைக் கணினிக்குச் செக்கனுக்கு 9600 பிற் வேகத்தில் அனுப்பும். "512" என்ற எண்ணும் வரி முடிவும் சேர்ந்து 5 பைற். அனுப்பும்போது தொடக்க பிற், முடிவு பிற் சேர்ந்து ஒரு பைற்றுக்கு 10 பிற், அதாவது மொத்தம் 50 பிற். 9600ஐ 50ஆல் பிரித்தால் செக்கனுக்கு 192 அளவீடுதான் போகும். எண் இரண்டு இலக்கமானால் வேகம் கூடும், நான்கு இலக்கமானால் குறையும். இடைவெளி இப்படி ஆடினால் எந்த ஃபில்டரும் வேலை செய்யாது. முதலில் வேகத்தை 115200 ஆக்குங்கள். அப்புறம் நிரலைக் காக்க வைக்கும் "டிலே" வரியை எடுத்துவிட்டு, நேரம் சொல்லும் "மைக்ரோஸ்" பார்த்து 4000 மைக்ரோசெக்கனுக்கு ஒருமுறை மட்டும் வாசியுங்கள். அது செக்கனுக்கு 250.

250 என்று நான் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 50 ஹேர்ட்ஸ் அலை ஒன்று முடிய 20 மில்லிசெக்கன் எடுக்கும். 4 மில்லிசெக்கன்படி அடுத்தடுத்து ஐந்து அளவீட்டைச் சேர்த்துச் சராசரி எடுத்தால் சரியாக ஒரு முழு அலை. மேலே போனதும் கீழே போனதும் கழிபட்டு மின்சார இரைச்சல் பூச்சியமாகிவிடும். பெரிய ஃபில்டர் ஒன்றும் தேவையில்லை, பிள்ளைகளுக்கே கரும்பலகையில் விளங்கப்படுத்தலாம். ஆர் முனை கொஞ்சம் தாழும். அதனால் சராசரியைத் திரைக்கு மட்டும் வைத்துக்கொண்டு, கோப்பில் சராசரி எடுக்காத அளவீட்டையே எழுதுங்கள்.

பதிவுக்குப் பைதன் நிரல்மொழியும் அதன் பைசீரியல் தொகுதியும் போதும், இருபது வரியில் சி.எஸ்.வி கோப்பாக (அட்டவணையாகத் திறக்கும் கோப்பு) விழும். பிறகு நியூரோகிட்2 என்ற பைதன் தொகுதி இலவசம், திறந்த மூலம். அது ஆர் முனைகளைக் கண்டுபிடித்து இடைவெளியும் தரும். அதற்கு 250 என்ற எண்ணைச் சரியாகச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் நாடித்துடிப்புப் பிழைக்கும். ஒழுங்கு குழம்பிய இதயங்களையும் காட்ட விரும்பினால் பிசியோநெற் என்ற இணையத் தளத்தில் எம்.ஐ.ரி-பி.ஐ.எச் என்ற ஈ.சி.ஜி தொகுப்பு இருக்கிறது. அரை மணி நேரப் பதிவுகள் 48, செக்கனுக்கு 360 அளவீடு, யாரும் இறக்கலாம்.

கடைசியாக ஒன்று, பாதுகாப்புக்காக இதைக் கட்டாயம் செய்யுங்கள். மின்வாய் பிள்ளையின் உடம்பில் இருக்கும்போது லப்டொப் சார்ஜரில் இருக்கவே கூடாது. பற்றறியில் மட்டும். கரண்ட் நின்ற அந்தப் பத்து நிமிடம்போலத்தான் எப்போதும் செய்ய வேண்டும்.

வார்ட் அக்கா:

ரீச்சர், நான் தாதி. கோட் எனக்குத் தெரியாது, ஆனால் பாதிக் குழப்பம் தோலில் இருக்கும். எங்கள் வெக்கையில் வியர்வைக்கு மின்வாய் கழன்றுவிடும். ஒட்டும் இடத்தை ஸ்பிரிட் போட்டுத் துடைத்து, காயவிட்டு, கோஸ் துணியால் மெல்லத் தேய்த்துவிட்டு ஒட்டுங்கள். பைக்கற் திறந்து பல நாள் கிடந்த மின்வாயில் ஜெல் காய்ந்திருக்கும், அதைப் போடாதீர்கள்.

வகுப்பில் மார்பில் ஒட்டப் பிள்ளைகள் கூச்சப்படுவார்கள். தேவையில்லை. இரண்டு மணிக்கட்டும் வலது கணுக்காலும் போதும். கைகளை மடியில் தளர்வாக வைத்திருக்கச் சொல்லுங்கள், விரலை இறுக்கினால் தசையின் துடிப்பும் கோட்டில் ஏறிவிடும். வயரின் நிறத்தை நம்ப வேண்டாம், கம்பனிக்குக் கம்பனி மாறும். ஆர்.ஏ (வலது கை), எல்.ஏ (இடது கை), ஆர்.எல் (வலது கால்) என்ற எழுத்தைப் பாருங்கள். கியூ.ஆர்.எஸ் தலைகீழாக வந்தால் பயப்படாமல் முதலில் இரண்டு கை வயரும் மாறியதா என்று பாருங்கள்.

இதை வைத்து எந்தப் பிள்ளைக்கும் "உனக்கு ஒன்றுமில்லை" என்றோ "ஏதோ இருக்கிறது" என்றோ சொல்லிவிடாதீர்கள். நெஞ்சு படபடக்கிறது, தலை சுற்றுகிறது என்று ஒரு பிள்ளை சொன்னால் கோட்டைப் பார்க்காமல் ஆஸ்பத்திரி ஓ.பி.டிக்கு அனுப்புங்கள். அங்கே எடுப்பது பன்னிரண்டு கோணத்தில், உங்களுடையது ஒரே கோணம்.

கொக்குவில் ரீச்சர்:

தம்பி, அக்கா, இருவருக்கும் நன்றி. நேற்றுச் செய்து பார்த்தோம். சார்ஜரைக் கழற்றி, பக்கத்து ஃபானையும் நிறுத்தி, 250 வைத்து, ஐந்தின் சராசரி போட்டேன். ரிபன் இல்லை. பி அலை முதல் முறையாகத் தெரிந்தது, சின்னதாக, ஆனால் ஒவ்வொரு துடிப்புக்கும் முன்னால் தவறாமல்.

வலைப்பந்து விளையாடும் ஒரு பிள்ளைதான் முதலில் இருந்தாள். கோடு ஓட ஓட எல்லோரும் சத்தமில்லாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பின்வாங்கில் இருந்த ஒருத்தி, "ரீச்சர், அவள் மூச்சை இழுக்கேக்க முனை எல்லாம் கிட்டக் கிட்ட வருது" என்றாள். நான் சொல்லிக் கொடுக்கவில்லை. கோப்பைத் திறந்து எண்ணினோம். மூச்சை இழுக்கும்போது முனைக்கு முனை 180 அளவீடு, விடும்போது 215. நாலால் பெருக்கினால் 720 மில்லிசெக்கனும் 860ம். ஒரே பிள்ளைக்கு மூச்சை இழுக்கும்போது நிமிடத்துக்கு 83 துடிப்பு, விடும்போது 70.

இது இளம் வயதில் இயல்பானது, வேகசு நரம்பு செய்யும் வேலை என்று விளங்கப்படுத்தினேன். மணி அடித்தும் யாரும் எழும்பவில்லை. அடுத்த பாடத்துக்கு மூன்று பேர் பெயர் தந்திருக்கிறார்கள், மின்வாய்தான் இனி வாங்க வேண்டும்.