ஏழு வயதுப் பையனுக்கு மெட்ராஸ் ஐ: கடையில் கொடுத்த சொட்டு மருந்தைத் தொடரலாமா?

ராயக்கோட்டை அம்மா

எல்லோருக்கும் வணக்கம். என் பையன் இரண்டாம் வகுப்பு படிக்கிறான். பத்து நாளைக்கு முன்னால் ஓசூரில் நாத்தனார் வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்குப் போய்வந்தோம். அங்கே இரண்டு பிள்ளைகளுக்குக் கண் சிவந்திருந்தது. எல்லாப் பிள்ளைகளும் ஒரே பாயில்தான் படுத்துத் தூங்கினார்கள்.

முந்தாநாள் காலையில் இவனுக்கு இடது கண் பீளையில் ஒட்டிக்கொண்டு திறக்கவே முடியவில்லை. வெதுவெதுப்பான தண்ணீரில் பஞ்சை நனைத்துத் துடைத்த பிறகுதான் திறந்தான். நேற்று வலது கண்ணும் சிவந்துவிட்டது. தண்ணீராக வடிகிறது, மண் விழுந்த மாதிரி உறுத்துகிறது என்கிறான். லேசாகக் காய்ச்சல், தொண்டை வலியும் இருக்கிறது. பள்ளிக்கு அனுப்பவில்லை.

வீட்டுக்காரர் தக்காளி லோடு ஏற்றிக்கொண்டு பெங்களூர் போய் ராத்திரிதான் வருவார். வரும் வழியில் மருந்துக்கடையில் சொல்லி ஒரு சொட்டு மருந்து வாங்கிவந்தார். ராத்திரி இரண்டு கண்ணிலும் ஒவ்வொரு சொட்டு விட்டோம். காலையில் சிவப்பு பாதி குறைந்திருக்கிறது. பெட்டியில் மாக்ஸிஃப்ளாக்ஸசின், டெக்சாமெத்தசோன் என்று இரண்டு பெயர் இருக்கிறது. தொடரலாமா? மாமியார் தாய்ப்பால் விடு, ஒரே நாளில் சரியாகிவிடும் என்கிறார். எனக்கு எட்டு மாதத்தில் ஒரு பெண் குழந்தையும் இருக்கிறாள், அவளை நினைத்துத்தான் பயமாக இருக்கிறது.

காவேரிப்பட்டணம் அக்கா

பயப்படாதே தங்கச்சி. 2022 நவம்பரில் ஊர் முழுக்க வந்தபோது எங்கள் வீட்டில் ஐந்து பேருக்கும் வரிசையாக வந்தது. எல்லோரும் ஒரே துண்டில் முகம் துடைத்ததுதான் தப்பு என்று அப்புறம்தான் புரிந்தது. முதலில் வந்தவருக்குச் சரியாகும்போது கடைசி ஆளுக்கு ஆரம்பித்தது. கூட்டிப் பார்த்தால் ஒரு மாதம் வீட்டில் யாராவது ஒருவருக்குக் கண் சிவப்புதான். நீ சொல்கிற மாதிரி மருந்தைத்தான் நாங்களும் விட்டோம், நன்றாகக் கேட்டது. சிவப்பு குறைந்திருக்கிறதே, தொடர்ந்து விடு.

பாலக்கோடு கண்

அம்மா, நான் ஆரம்ப சுகாதார நிலையங்களில் கண் மருத்துவ உதவியாளராக 29 வருடம் இருந்து ஓய்வு பெற்றவன். மருத்துவர் அல்ல. ஆனால் சிவந்த கண்ணை நிறையப் பார்த்திருக்கிறேன். முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன்: அந்தச் சொட்டு மருந்தை இனி விடாதீர்கள். ஒரு சொட்டில் ஒன்றும் கெட்டுப்போயிருக்காது, அதற்காகப் பதற வேண்டாம்.

காரணம் அந்த இரண்டாவது பெயர். டெக்சாமெத்தசோன் ஒரு ஸ்டீராய்டு. பிரெட்னிசோலோன், பீட்டாமெத்தசோன், லோட்டிபிரெட்னால் எல்லாம் அந்தக் கூட்டம்தான். ஸ்டீராய்டு சிவப்பை அடக்கிவிடும். கிருமியைக் கொல்லாது. கிருமியோடு சண்டை போடுகிற உடம்பின் கையைத்தான் கட்டிப்போடும். காலையில் சிவப்பு குறைந்தது அதனால்தான், நோய் குறைந்து அல்ல.

காவேரிப்பட்டணம் அம்மா கோபித்துக்கொள்ளக் கூடாது. உங்கள் வீட்டில் ஒன்றும் ஆகவில்லை, நல்லது. மெட்ராஸ் ஐ எந்த மருந்து விட்டாலும் விடாவிட்டாலும் பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரத்தில் தானே போய்விடும். அதனால் கடைசியாக விட்ட மருந்துக்குப் பெயர் கிடைத்துவிடுகிறது. சிவந்த கண் எல்லாமே மெட்ராஸ் ஐ கிடையாது என்பதுதான் சிக்கல். கரும்பு வெட்டுகிற ஓர் அம்மா என்னிடம் வந்தார். கரும்புச் சோகை கண்ணில் கீறியிருக்கிறது. ஊரில் அப்போது மெட்ராஸ் ஐ பரவிக்கொண்டிருந்ததால் இதுவும் அதுதான் என்று நினைத்துப் பக்கத்து வீட்டில் மிச்சமிருந்த இதே மாதிரி சொட்டு மருந்தைப் பத்து நாள் விட்டிருக்கிறார். சிவப்பு குறைந்தது, வலியும் மட்டுப்பட்டது. உள்ளே கருவிழியில் பூஞ்சைப் புண் வளர்ந்துகொண்டே இருந்திருக்கிறது. என்னிடம் வந்தபோது கருவிழி நடுவில் வெள்ளையாக இருந்தது. உடனே தர்மபுரிக்கு அனுப்பினேன், புண் ஆறியது. ஆனால் அந்தக் கண்ணில் பூ விழுந்துவிட்டது. விரல் அசைவது தெரியும், எத்தனை விரல் என்று தெரியாது. ஓய்வு பெற்ற பிறகும் அந்த அம்மாவின் முகம் எனக்கு மறக்கவில்லை.

கண் பரிசோதனையில் ஒரு சின்ன ஆரஞ்சு நிறக் காகிதப் பட்டையைக் கண்ணில் தொட்டு, நீல வெளிச்சத்தில் பார்ப்பார்கள். கருவிழியில் புண் இருந்தால் அந்த இடம் பச்சையாக ஒளிரும். இரண்டு நிமிட வேலைதான். அப்படிப் பார்க்காமல் ஸ்டீராய்டு எழுத மருத்துவர்களே யோசிப்பார்கள், கடைக்காரர் எப்படிக் கொடுக்கலாம்?

உங்கள் பையனுக்கு வருகிறேன். ஒரு கண்ணில் தொடங்கி ஓரிரு நாளில் அடுத்த கண்ணுக்குப் போவது, தண்ணீராக வடிவது, மண் விழுந்த மாதிரி உறுத்துவது, கூடவே காய்ச்சலும் தொண்டை வலியும், எல்லாம் மெட்ராஸ் ஐயை அதிகம் கொண்டுவருகிற அடினோ வைரஸ் மாதிரிதான் இருக்கிறது. காதுக்கு முன்னால், தாடை தொடங்குகிற இடத்தில் மெதுவாகத் தடவிப் பாருங்கள். பட்டாணி அளவில் நெறி கட்டியிருந்தால் வைரஸ் என்பதற்கு அது நல்ல அடையாளம். ஓசூர் கணக்கும் பொருந்துகிறது. அடினோ ஒட்டிக்கொண்ட பிறகு கண்ணில் தெரியப் பெரும்பாலும் 5 முதல் 12 நாள் ஆகும். (ஒன்றிரண்டு நாளிலேயே வெடிக்கிற இன்னொரு வகை உண்டு, அது என்டெரோ வைரஸ், வெண்விழியில் ரத்தத் திட்டு தெரியும். 1971-ல் வங்காளத்தில் பரவியபோது அதற்கு ‘ஜாய் பாங்ளா’ என்றே பெயர் வைத்தார்கள். நாம் மெட்ராஸ் பெயரைச் சொல்கிறோம், அவர்கள் வங்காளத்தின் பெயரைச் சொன்னார்கள்.)

பாக்டீரியா என்றால் வடிவது தண்ணீராக இருக்காது. மஞ்சளும் பச்சையுமாகக் கெட்டியான சீழ், துடைத்த கொஞ்ச நேரத்தில் மறுபடி நிறையும். அதற்கு ஆன்டிபயாடிக் சொட்டு உதவும், உங்கள் பெட்டியில் இருக்கிற முதல் பெயர் அந்த வகைதான். வைரஸுக்கு ஆன்டிபயாடிக் ஒன்றும் செய்யாது. காலையில் மட்டும் பீளை ஒட்டுவது இரண்டிலும் உண்டு, அதை வைத்து முடிவு கட்ட முடியாது. அரிப்புதான் பெரிதாக இருந்து, பிள்ளை கண்ணைக் கசக்கிக்கொண்டே இருந்து, நூல் மாதிரி பீளை வந்தால் அது ஒவ்வாமை. தொற்றாது.

இப்போது செய்ய வேண்டியது கொஞ்சம்தான். சுத்தமான துணியைக் குளிர்ந்த தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, மூடிய கண் மேல் ஐந்து நிமிடம் வையுங்கள், ஒரு நாளைக்கு நான்கைந்து தடவை. பீளையைக் கொதித்து ஆறிய தண்ணீரில் நனைத்த பஞ்சால் மூக்குப் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாகத் துடையுங்கள். ஒரு பஞ்சு ஒரு தடவைக்குத்தான், ஒரு கண்ணுக்குத்தான். உறுத்தலுக்குக் கார்பாக்ஸிமெத்தில் செல்லுலோஸ் என்கிற கண்ணீர்ச் சொட்டு போதும், அதில் ஸ்டீராய்டு கிடையாது. காய்ச்சலுக்கு எடைக்கு ஏற்ற பாரசிட்டமால். தாய்ப்பால், விளக்கெண்ணெய், நந்தியாவட்டைப் பூச் சாறு எதுவும் கண்ணுக்குள் வேண்டாம். மாமியாரிடம் சண்டை போடாமல், கண் மருத்துவ உதவியாளர் ஒருவர் வேண்டாம் என்றார் என்று என் தலையில் போடுங்கள்.

இதோடு நாளைக்கே ஒரு தடவை கண் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். ஸ்டீராய்டு விட்ட கண் என்பதால் சொல்கிறேன். கிருஷ்ணகிரி, தர்மபுரி இரண்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் கண் பிரிவு இருக்கிறது. அந்த மருந்துப் பெட்டியைக் கையோடு எடுத்துப்போங்கள். பார்வை மங்கினால், வெளிச்சத்தைப் பார்க்கவே முடியாமல் முகத்தைத் திருப்பினால், உறுத்தல் போய் உண்மையான வலி வந்தால், கருவிழியில் வெள்ளைப் புள்ளி தெரிந்தால் நாளை வரைக்கும்கூடக் காத்திருக்க வேண்டாம்.

பர்கூர் ஜவுளி

ஐயா சொல்வதைத் தயவுசெய்து கேளுங்கள் அக்கா. எங்கள் பையனுக்குப் பத்து வயது. ஒவ்வொரு வெயில் காலத்திலும் கண் அரிக்கும், சிவக்கும். ஒரு தடவை மருத்துவர் எழுதிக் கொடுத்த சொட்டு மருந்து அற்புதமாகக் கேட்டது. பத்து நாள் விட்டு நிறுத்தச் சொன்னார். நாங்கள் அந்தக் காலி பாட்டிலை மருந்துக்கடையில் காட்டிக் காட்டி எட்டு மாதம் வாங்கினோம். சீட்டு எங்கே என்று கடையில் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. நானும் ஜவுளி வியாபாரத்தில் ஓடிக்கொண்டிருந்தேன், கண் வெள்ளையாக இருக்கிறதே என்று நிம்மதியாக இருந்துவிட்டேன்.

பள்ளியில் கரும்பலகை தெரியவில்லை என்று சொன்ன பிறகுதான் கூட்டிப்போனோம். கண் அழுத்தம் 38. சாதாரணமாக 21-க்குள் இருக்க வேண்டுமாம். ஸ்டீராய்டால் வந்த அழுத்தம், பின்னால் இருக்கிற நரம்பு கொஞ்சம் போய்விட்டது, போனது திரும்பாது என்று சொன்னார்கள். இப்போது அழுத்தத்துக்குத் தினமும் இரண்டு வேளை மருந்து விடுகிறோம். வலி இல்லை, சிவப்பு இல்லை, எந்த அறிகுறியும் இல்லாமல் இது நடந்தது. அதனால்தான் எழுதுகிறேன்.

காவேரிப்பட்டணம் அக்கா

தம்பி, படிக்கும்போதே வயிறு கலங்குகிறது. எங்கள் வீட்டு ஃபிரிட்ஜில் அப்போது வாங்கிய பாட்டில் இன்னும் இருந்தது. எடுத்துப் போட்டுவிட்டேன். தங்கச்சி, நான் சொன்னதை விட்டுவிடு, ஐயா சொன்ன மாதிரி செய்.

ராயக்கோட்டை அம்மா

ஐயா, அண்ணா, அக்கா, எல்லோருக்கும் நன்றி. காதுக்கு முன்னால் தடவிப் பார்த்தேன், இடது பக்கம் சின்னதாக நெறி இருக்கிறது. தொட்டால் வலிக்கிறது என்கிறான். நாளைக்குக் காலையில் கிருஷ்ணகிரி போகிறோம்.

இரண்டு கேள்வி. பாப்பாவுக்கு வராமல் எப்படிப் பார்த்துக்கொள்வது? அவன் அவளை முத்தம் கொடுக்காமல் இருக்கவே மாட்டான். இன்னொன்று, சொட்டு மருந்து விடப் போனாலே கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு கத்துகிறான். நேற்று அவன் அப்பா பிடித்துக்கொண்டுதான் விட்டோம்.

பாலக்கோடு கண்

பிடித்து விட வேண்டாம் அம்மா, அடுத்த தடவை இன்னும் பயப்படுவான். மல்லாந்து படுக்கச் சொல்லுங்கள், கண் மூடியே இருக்கட்டும். மூக்கு ஓரமாக இருக்கிற கண் மூலையில் ஒரு சொட்டு விட்டுவிட்டு, இப்போது திற என்று சொல்லுங்கள். திறந்ததும் தானே உள்ளே போய்விடும். பாட்டில் முனை இமையில் படக் கூடாது. பட்டால் அந்த மருந்தே அடுத்த கண்ணுக்கு நோயைக் கொண்டுபோகும். திறந்த பாட்டிலை ஒரு மாதத்துக்கு மேல் வைத்துக்கொள்ளாதீர்கள்.

பாப்பாவுக்கு முக்கியம் உங்கள் கைதான். கண்ணைப் பார்த்தால் ஒட்டாது, கறுப்புக் கண்ணாடி கூச்சத்துக்கு மட்டும்தான். கை, துண்டு, தலையணை உறை, செல்போன், இவற்றில்தான் வரும். இந்த வைரஸ் பொருள்களின் மேல் பல நாள் உயிரோடு இருக்கும். பையனுக்கு மருந்து விட்டதும் சோப்புப் போட்டு நன்றாகக் கழுவிவிட்டுத்தான் பாப்பாவைத் தூக்க வேண்டும். அவனுக்குத் துண்டு தனி, தலையணை தனி. உறையைத் தினமும் மாற்றி வெந்நீரில் அலசி வெயிலில் போடுங்கள். சேலை முந்தானையால் அவன் கண்ணைத் துடைத்துவிட்டு அதே முந்தானையால் குழந்தை வாயைத் துடைப்பது நம் வீடுகளில் எல்லோருக்கும் உள்ள பழக்கம், இந்த இரண்டு வாரம் மட்டும் முந்தானையை இடுப்பில் செருகிக்கொள்ளுங்கள். பாப்பாவுக்குக் கண் சிவந்தால் வீட்டில் எதையும் முயற்சி செய்யாமல் நேராகக் கூட்டிப்போங்கள். பிறந்து ஒரு மாதத்துக்குள் இருக்கிற குழந்தைக்குக் கண்ணில் சீழ் வந்தால் அது அன்றைக்கே பார்க்க வேண்டிய அவசரம், இதைப் படிக்கிற மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்.

நீங்கள் தக்காளி பறிக்கப் போகிறவராக இருந்தால் இன்னொன்று. பூச்சிமருந்து கண்ணில் தெறித்துச் சிவந்தால் அதை மெட்ராஸ் ஐ கணக்கில் சேர்க்காதீர்கள். அங்கேயே சுத்தமான தண்ணீரை இருபது நிமிடம் விடாமல் ஊற்றிக் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

ராயக்கோட்டை அம்மா

பதினோராம் நாள் எழுதுகிறேன். கிருஷ்ணகிரியில் அந்த ஆரஞ்சுப் பட்டை வைத்துப் பார்த்தார்கள். புண் இல்லை, வைரஸ்தான் என்றார்கள். கண்ணீர்ச் சொட்டு மட்டும் எழுதிக் கொடுத்தார்கள். நான்காம், ஐந்தாம் நாள் முன்பைவிடச் சிவப்பு அதிகமாகிப் பயந்துபோனேன். அப்படித்தான் ஏறி இறங்கும் என்று அவர்கள் முதலிலேயே சொல்லியிருந்ததால் கடை மருந்தைத் தேடிப் போகவில்லை. நேற்றிலிருந்து கண்ணில் தண்ணீர் வடியவில்லை. திங்கட்கிழமை பள்ளிக்கு அனுப்பப் போகிறேன்.

பாப்பாவுக்கு வரவில்லை. மாமியாருக்கு வந்துவிட்டது. நேற்று அவரே துண்டையும் தலையணையையும் எடுத்துக்கொண்டு திண்ணைக்குப் போய்விட்டார். மூடிய கண் ஓரத்தில் சொட்டு விட்டுத் திறக்கிற வித்தையைப் பையன்தான் அவருக்குச் சொல்லிக் கொடுத்தான்.