புதுப்பிப்பு: ஆறாத கன்னத் தடிப்பு தோல் காசநோய்தான்

அக்காவின் கன்னத்தில் மெல்லப் பரவும் செந்தடிப்பு எந்தக் களிம்புக்கும் அடங்கவில்லை என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. விடை கிடைத்துவிட்டது: லூபஸ் வல்காரிஸ், தோல் காசநோயில் ஒரு வகை.

தோல் மருத்துவர் கண்ணாடித் துண்டை வைத்து அழுத்தினார். சிவப்பு வெளிறி, பழுப்பு மஞ்சளாய்ச் சின்னப் புள்ளிகள் தெரிந்தன. சந்தேகம் வலுத்தது அங்கேதான். காசநோய்க்கான தோல் சோதனையான மான்டூ ஊசி போட்ட இடமும் தடித்தது. ஆனால் அதை மட்டும் வைத்து நோயை உறுதி செய்ய முடியாதாம்.

கைகொடுத்தது, "பயாப்சி (சோதனைக்காகத் தோல் துண்டு) எடுத்தால் இரண்டாகப் பிரிக்கச் சொல்லுங்கள்" என்று இங்கே ஒருவர் சொன்ன யோசனை. திசுவைப் பதப்படுத்தும் ஃபார்மலினில் போட்டால் கிருமி செத்துவிடும், கல்ச்சரில், அதாவது ஆய்வகத்தில் கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனையில், வளராது. அதனால் ஒரு துண்டு ஃபார்மலினில், இன்னொன்று சலைனில் (உப்பு நீரில்) போனது. முதல் துண்டில் கிரானுலோமா, அதாவது காசநோயில் காணப்படும் செல் திரட்சி, தெரிந்தது.

எதிர்பாராத விஷயம்: கிருமிக்கான சாயப் பரிசோதனை, கிருமியின் மரபணுவைத் தேடும் பிசிஆர் இரண்டுமே நெகட்டிவ். இந்த வகையில் கிருமிகள் ரொம்பக் குறைவு, நெகட்டிவ் என்றால் நோய் இல்லை என்று ஆகாது என்றார் மருத்துவர். கல்ச்சர் முடிவுக்கு 6 முதல் 8 வாரம் கூட ஆகலாம் என்பதால் மாத்திரையை முன்பே தொடங்கிவிட்டார். அப்புறம் கல்ச்சரும் பாசிட்டிவ். நெஞ்சு எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை.

மருந்து 6 மாதம். தடிப்பு தட்டையாகி வருகிறது. இதில் உள்ள ரிஃபாம்பிசின் என்ற மருந்தால் சிறுநீர் ஆரஞ்சு நிறமாகப் போகும், பயப்படாதீர்கள்.