அடி வாங்காத பிள்ளைக்கும் பாதிப்பு வருமா?

கேள்வி (உப்புவெளி):
என் அக்காவின் கணவர் குடித்துவிட்டு வரும் நாட்களில் அக்காவை அடிப்பார். பிள்ளையின் மேல் மட்டும் இன்றுவரை கை வைத்ததில்லை. எட்டு வயதான அந்தப் பெறாமகன் விடுமுறைக்கு எங்கள் வீட்டில் நிற்கிறான். பின்னேரத்தில் ஒழுங்கையில் எந்த மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டாலும் தொலைக்காட்சியை நிறுத்திவிட்டு, வாசலில் கிடக்கும் செருப்புகளைச் சோடி சோடியாக அடுக்கி வைக்கிறான். அதட்டாமலே சொல்வழி கேட்கும் பிள்ளை என்று அம்மா மெச்சுகிறார். எனக்கு அது நல்லதாகப் படவில்லை. என் பயம் வீணானதா?

பதில் (உளவளத்துணையாளர், கிண்ணியா):
வீணானதல்ல. பிள்ளை கண்ணால் காண வேண்டும் என்றுகூட இல்லை, அடுத்த அறையில் படுத்திருந்து கேட்டாலே போதும். சிறுவயதுப் பாதகமான அனுபவங்களைப் பற்றி 1998 இல் அமெரிக்காவில் வெளிவந்த பெரிய ஆய்வு, தாய் தாக்கப்படும் வீட்டில் வளர்வதைத் தனியொரு வகையாகவே கணக்கில் எடுத்தது. இத்தகைய அனுபவங்கள் கூடக்கூட, வளர்ந்த பின்னர் மனச்சோர்வு முதல் இதயநோய் வரை கூடியிருந்ததை அது காட்டியது. நீங்கள் கண்டது கீழ்ப்படிவு அல்ல, காவல். ஆபத்து எப்போது வரும் என்று உடல் ஓயாமல் காத்திருப்பதால் நித்திரையும் கவனமும் கெடும். சில பிள்ளைகள் படுக்கையில் சிறுநீர் கழிப்பார்கள், சிலர் வகுப்பில் மற்றப் பிள்ளைகளை அடிப்பார்கள்; அமைதியாகிவிடும் பிள்ளையைத்தான் நாம் தவறவிடுகிறோம்.

பதில் (ஆசிரியை, மூதூர்):
திங்கட்கிழமை தோறும் வயிற்றுவலி என்று மேசையில் தலை கவிழ்க்கும் பிள்ளையைச் சோம்பேறி என்று நானும் ஒரு காலத்தில் ஏசியிருக்கிறேன்.

பதில் (பாலையூற்று):
நான் அப்படியான வீட்டில் வளர்ந்தவன். “உன்ர குழப்படியாலதான் அப்பாவுக்குக் கோபம் வருது” என்று அம்மம்மா சொன்னதை இருபது வயது வரை நம்பினேன். அவனுடைய பிழை இல்லை என்பதை யாராவது அவனிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். ஆனால் தகப்பனைத் திட்டாதீர்கள். அவரிலும் அவனுக்குப் பாசம் இருக்கும்.

பதில் (சட்டத்தரணி, திருகோணமலை நகர்):
2005 ஆம் ஆண்டின் 34 ஆம் இலக்க குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் உங்கள் அக்கா நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கோரலாம். பிள்ளையின் சார்பிலும் விண்ணப்பிக்க இடமுண்டு. அவசரமென்றால் அழைக்க வேண்டிய தொலைபேசி இலக்கங்கள்: சிறுவர்களுக்கு 1929, பெண்களுக்கு 1938.

கேள்வி கேட்டவர்:
நேற்றிரவு பக்கத்தில் படுத்திருந்து, அது உன் பிழையில்லை என்று சொன்னேன். நெடுநேரம் பேசாமல் கிடந்தவன், “அப்ப அம்மா இப்ப தனியவா இருக்கிறா?” என்று கேட்டான். இன்று காலை அக்காவையும் கூட்டிவரப் போகிறேன்.