ரெப்போவுக்கு வெர்ஷன் எண்: தேதியா, மூணு எண்ணா?

கீழவாசல்:
மதுரை, மேலூர், உசிலம்பட்டி காலேஜ் லேப்களுக்கு ஒரு சின்ன டெப் ரெப்போ (உபுண்டு மெஷின்கள் பேக்கேஜை இறக்கிக்கிற கிடங்கு). நாமளே கட்டுற பேக்கேஜ் ரெண்டு: தமிழ்99 கீபோர்டு, லேப் செட்டிங்ஸ். வெர்ஷன் இதுவரைக்கும் நாள்-மாதம்-வருஷம். 31122024 ஒழுங்கா ஏறுச்சு. 02012025 போட்டா ஒரு மெஷினும் எடுக்கல. இனி எந்த முறைக்கு மாறலாம்?

வைகைக்கரை:
எடுக்காதுங்க. பேக்கேஜை ஏத்துற கருவி டிபிகேஜிக்கு அது தேதியே இல்ல, ஒத்த எண்ணு. பழசு 3 கோடியே 11 லட்சம், புதுசு வெறும் 20 லட்சம். வருஷம் மாறணும்னுகூட இல்ல, 31012025க்கு மறுநாள் 01022025 போட்டாலும் இதே கதிதான். வருஷத்தை முன்னாடி கொண்டாங்க: 2025.01.02. உபுண்டு 24.04னா 2024 ஏப்ரல்னு பார்த்ததும் தெரியுதுல்ல?

தெப்பக்குளம்:
அண்ணே, 2025 மட்டும் 3 கோடியைவிடப் பெருசா? அதுவும் ஏறாது. எபோக் போட்டே ஆகணும், அதாவது முன்னாடி ஒரு எண்ணும் முக்காற்புள்ளியும், 1:2025.01.02ன்னு; அதைத்தான் முதல்ல ஒப்பிடும். போட்டா அது ஆயுசுக்கும் ஒட்டிக்கிட்டு வரும், கழட்ட முடியாது. வேற பேக்கேஜ்ல எபோக் இல்லாம "இந்த வெர்ஷனுக்கு மேல"ன்னு எழுதின நிபந்தனை எல்லாம் தானா நிறைவேறிடும், அதையும் தேடித் திருத்தணும். அம்புட்டு வேலை பார்க்கிறதுக்கு செம்வர் மாதிரி மூணு எண்ணுக்கே போயிடலாம், 1:3.0.0. பழசோட ஒத்துப்போகாத மாற்றம்னா முதல் எண் ஏறும்.

வைகைக்கரை:
எபோக் எதுக்கு? அப்டேட் இறக்குற ஆப்ட்ல பின்னிங்னு முன்னுரிமை எண் இருக்கு, அதுல நம்ம ரெப்போவுக்கு 1001 கொடுத்தா டவுன்கிரேடும் ஏத்துக்கும்.

தெப்பக்குளம்:
அந்த பின் ஃபைலை மெஷினுக்கு எது கொண்டுபோகும்? செட்டிங்ஸ் பேக்கேஜ். அதுவே இப்போ மாட்டிக்கிட்டு நிக்குது. கையால போட்டாலும், கேள்வி கேட்காம ஓட்டுற ஸ்கிரிப்டு டவுன்கிரேடுன்னதும் நின்னுடும், அதுக்குத் தனி அனுமதி ஆப்ஷன் கொடுக்கணும்.

கீழவாசல்:
ரெண்டு லேப்ல பென்டிரைவ்லதான் அப்டேட். கையால போறது கஷ்டம்.

வைகைக்கரை:
சரி, எபோக்கே போடுங்க. ஆனா செட்டிங்ஸ்ல முதல் எண்ணை எப்போ ஏத்துவீங்க? வால்பேப்பர் மாறினாவா, ப்ராக்ஸி மாறினாவா? ஒவ்வொரு ரிலீசுக்கும் பஞ்சாயத்து. தேதின்னா லேப் அசிஸ்டென்ட் போன்ல எண்ணைப் படிச்சதுமே எத்தனை மாசப் பழசுன்னு தெரிஞ்சுடும்.

தெப்பக்குளம்:
செட்டிங்ஸுக்கு ஒத்துக்கிறேன். கீபோர்டுக்கு மாட்டேன். ஒரு எழுத்து வேற கீக்குப் போனா அது முதல் எண் மாற்றம், அதுல பஞ்சாயத்தே கிடையாது. செட்டிங்ஸ் பேக்கேஜ்ல "கீபோர்டு 1:4.0.0க்குக் கீழே"ன்னு கட்டிட்டா, பிராக்டிகல் தேர்வு நேரத்துல 4 வெளியானாலும் ஆப்ட் நிறுத்தி வைக்கும். தேதி எண்ணுல எந்தத் தேதியில கோடு போடுவீங்க?

மாட்டுத்தாவணி:
குறுக்க வர்றேன். அந்தக் கோட்டுலயே ஓட்டை இருக்கு. சோதனை வெர்ஷன் 4.0.0~1, 4.0.0க்குக் கீழேதான் வரும். டில்டே (~) வந்தா, அந்த இடத்துல ஒண்ணும் இல்லாம முடியிற வெர்ஷனுக்கும் முன்னாடி. அதனால நிபந்தனையை "1:4.0.0~க்குக் கீழே"ன்னு எழுதுங்க. செம்வர் பழக்கத்துல சோதனை வெர்ஷனுக்கு 4.0.0-1ன்னும் போட்டுடாதீங்க. செம்வர்ல அது 4.0.0க்கு முந்தினது, டெப்ல ஹைஃபனுக்குப் பின்னாடி வர்றது பேக்கேஜ் ரிவிஷன், 4.0.0க்கு மேல.

இன்னொண்ணு, உபுண்டுவோட பேக்கேஜைத் திருத்திக் கட்டும்போது சிலர் 2.3-1+1ன்னு போடுறாங்க. டிபிகேஜி வரிசையில எழுத்தெல்லாம் முன்னாடி, கூட்டல் குறி அதுக்கு அப்புறம். பாதுகாப்பு அப்டேட் 2.3-1க்குப் பின்னாடி "உபுண்டு0.1"ன்னு ஒட்டி வந்தா (அங்கே அது ஆங்கில எழுத்து), உங்க +1 அதைவிடப் பெருசுன்னு அப்டேட் இறங்காமலே கிடக்கும். எர்ரர் ஒண்ணும் வராது, அதான் ஆபத்து.

கீழவாசல்:
அப்போ "ம1"ன்னு ஒட்டலாமா?

மாட்டுத்தாவணி:
தமிழெழுத்தை வெர்ஷன்ல விடாதுங்க. ஆங்கிலச் சின்ன எழுத்து எம் போட்டு 1 போடுங்க. 2.3-1க்கு மேல நிக்கும், உபுண்டுவோட யு எழுத்துக்குக் கீழே நிக்கும். மதுரைக்கும் பொருத்தம்தானே!

வைகைக்கரை:
அப்போ செட்டிங்ஸ் 1:2025.01.02, ஒரே நாள்ல ரெண்டாவது தடவைன்னா கடைசியில .1. கீபோர்டு மூணு எண்ணா இருந்துட்டுப் போகட்டும், எனக்குப் பிடிக்கலைங்கிறதையும் எழுதி வச்சுக்கங்க.

தெப்பக்குளம்:
எழுதியாச்சுண்ணே. கீழவாசல், ரெப்போவுல ஏத்துறதுக்கு முன்னாடி டிபிகேஜியோட வெர்ஷன் ஒப்பிடுற கட்டளையில பழசு புதுசைவிடக் கீழேயான்னு கேட்டுப் பாருங்க, 0 திரும்பி வந்தா சரி. எபோக் ரெப்போ ஃபைல் பேர்ல வராது. 1:31122024ன்னு தப்பித் தவறிக் கட்டினா பழைய ஃபைல் பேரோட மோதும்.