துணியை எடுக்காமல் அழுத்திப் பிடித்த டீக்கடை அக்கா

உளுந்தூர்பேட்டையைத் தாண்டி டீ குடிக்க நிறுத்தியிருந்தோம். பைக்கில் வந்த பையன் எங்கள் கண் முன்னாலேயே சென்டர் மீடியனில் மோதி விழுந்தான். தொடை கிழிந்து ரத்தம் கொட்டியது. ஓடிப் போனவர்களில் ஒருவர் தண்ணீர் பாட்டிலைத் திறந்தார், இன்னொருவர் தூக்கி ஆட்டோவில் போடலாம் என்றார். டீக்கடை அக்கா இரண்டு பேரையும் தடுத்துவிட்டார். "தண்ணி வேணாம்ணே, 108-க்கு அடிங்க" என்றபடியே ஒரு துண்டை நாலாக மடித்துக் காயத்தில் வைத்து, முழங்கையை மடக்காமல் உடம்பு பாரத்தையும் சேர்த்து அழுத்தினார். துண்டு நனைந்ததும் யாரோ எடுத்துப் பார்க்கச் சொன்னார். "எடுத்தா மறுபடி ஊத்தும். மேலயே இன்னொண்ணு வைங்க." என் துண்டைக் கொடுத்தேன். பையன் எழப் பார்த்தபோதெல்லாம், "கழுத்தை அசைக்காத தம்பி, நான் இங்கதான் இருக்கேன்" என்று பேசிக்கொண்டே இருந்தார். ஆம்புலன்ஸில் வந்தவரும் அந்தத் துணியை எடுக்கவில்லை. அதன் மேலேயே இறுக்கிக் கட்டி ஏற்றினார். மகளிர் சுய உதவிக் குழுவில் கொடுத்த பயிற்சியாம். பையன் பிழைத்துவிட்டான்.

———

விபத்துப் பிரிவில் நர்ஸாக இருக்கிறேன். அந்த அக்காவைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது. பெரிய ரத்தக்குழாய் அறுந்தால் சில நிமிடங்களிலேயே உயிர் போய்விடும். அப்புறம் எங்களிடம் எத்தனை பாட்டில் ரத்தம் இருந்தும் பயனில்லை. அரை மயக்கத்தில் தண்ணீர் கொடுத்தால் மூச்சுக்குழாயில் இறங்கிவிடும். ஆபரேஷனுக்கு மயக்க மருந்து கொடுக்கும்போதும் அது ஆபத்து. கையை ஒருவர், காலை ஒருவர் பிடித்துத் தூக்கி வருவார்கள், அதைப் பார்த்தாலே எனக்குப் பதறும். கழுத்து முறிந்திருந்தால் தண்டுவடமும் போய்விடலாம். வண்டி தீப்பிடிக்கிற மாதிரி நிலைமை இல்லையென்றால் கிடந்த இடத்திலேயே இருக்கட்டும், மூச்சு விடுகிறாரா என்று பார்த்துக்கொண்டே இருங்கள். காயத்தில் காப்பித்தூள் மட்டும் தயவுசெய்து போடாதீர்கள்.

———

கேஸாகிவிடும் என்று ஒதுங்குகிறவர்களுக்காக: உதவி செய்கிறவரை அலைக்கழிக்கக் கூடாது என்று 2016-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தில், உதவி செய்கிறவரைப் பாதுகாக்கும் 134ஏ பிரிவும் வந்தது. தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில், விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். பணம் யார் கட்டுவது என்றும் தயங்க வேண்டாம். பைக் மோதிய ஒரு பெரியவரோடு நானே மருத்துவமனைக்குப் போனேன். பெயர் கேட்டார்கள், சொல்ல விருப்பமில்லை என்றேன். சரி என்று விட்டுவிட்டார்கள்.