ஒரே வட்டில் விண்டோஸ் 7உம் லினக்ஸும்: சேர்த்து வைப்பதா, பிரித்து வைப்பதா?

அச்சுக்கூடம்:
வணக்கம். சிறிய அச்சகம் நடத்துகிறேன். 2012இல் உள்ளூர்க் கடையில் பொருத்தி வாங்கிய மேசைக்கணினி. 500 ஜிபி வன்வட்டு, 4 ஜிபி நினைவகம், விண்டோஸ் 7. கல்யாணப் பத்திரிகை வேலை எல்லாம் பேஜ்மேக்கர் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில்தான், அதுவும் ஒருங்குறிக்கு முந்தைய எழுத்துருக்களில். அந்த எழுத்துரு மென்பொருள், பேரலல் போர்ட்டில் (பழைய அச்சுப்பொறி இணைப்பு) ஒரு பூட்டுக் கருவியைச் செருகியிருந்தால்தான் திறக்கும். ஆகவே விண்டோஸை விட முடியாது.

இணையத்துக்கும் கணக்குக்கும் பக்கத்திலேயே லினக்ஸ் மின்ட் என்ற இயங்குதளத்தை வைக்க நினைத்து, 'இ' டிரைவைச் சுருக்கி 80 ஜிபி காலி செய்தேன். மின்ட்டை நிறுவும் மென்பொருள் முதலில் ஓர் எச்சரிக்கை தந்தது: தான் யுஇஎஃப்ஐ என்ற புதிய தொடக்க முறையில் தொடங்கியிருப்பதாகவும், வட்டில் பயாஸ் என்ற பழைய தொடக்க முறை இயங்குதளம் இருக்கலாம் என்றும், மீறித் தொடர வேண்டுமா என்றும் கேட்டது. பிறகு அந்த 80 ஜிபியைப் 'பயன்படுத்த இயலாதது' என்று காட்டியது. விண்டோஸுக்குத் திரும்பி அந்த இடத்தில் புதுப் பிரிவு உருவாக்கப் போனால், வட்டு 'டைனமிக்' வட்டாக மாறும் என்கிறது. 'ஆம்' அழுத்தாமல் நிறுத்தியிருக்கிறேன். வைகாசி முகூர்த்த வேலைகள் குவிந்து கிடக்கின்றன. இந்தக் கணினி நின்றால் அச்சகமே நின்றுவிடும்.

கருந்திரை:
ஐயா, அழுத்தாமல் விட்டீர்களே, அதுவே பெரிய காரியம். டைனமிக் என்பது விண்டோஸுக்கே உரிய பிரிவு முறை, அப்படி ஆகிவிட்டால் லினக்ஸ் நிறுவிகளால் அந்த வட்டை ஒழுங்காகக் கையாள முடியாது. விண்டோஸின் சொந்தக் கருவியை வைத்து மீண்டும் பழைய நிலைக்குக் கொண்டுவர வேண்டுமானால் எல்லாப் பிரிவுகளையும் அழிக்க வேண்டியிருக்கும்.

உங்கள் வட்டு எம்பிஆர் என்ற பழைய பிரிவு முறையில் இருக்கிறது. அதன் முதல் செக்டர் (வட்டின் சிறிய சேமிப்புக் கட்டம்) 512 பைட்டு. அதில் பிரிவு அட்டவணைக்கு 64 பைட்டுதான் இடம், ஒரு பிரிவுக்கு 16 வீதம். ஆகவே நான்கு முதன்மைப் பிரிவுகளுக்கு மேல் எழுத இடமே கிடையாது. விண்டோஸ் 7 தனக்காக 100 எம்பி பிரிவு ஒன்றை எடுத்துக்கொள்கிறது. சி, டி, இ மூன்றையும் கடைக்காரர் விண்டோஸ் நிறுவும்போதே பிரித்திருப்பார், அதனால் அவையும் முதன்மைப் பிரிவுகளாகியிருக்கும். நான்கும் நிரம்பிவிட்டன. 80 ஜிபி காலியாக இருந்தும் அட்டவணையில் அதற்கு வரி இல்லை.

'இ' டிரைவில் உள்ளதை வெளி வட்டுக்கு நகலெடுங்கள். 'இ'யை நீக்கிவிட்டு அந்த இடம் முழுவதையும் ஒரே விரிவாக்கப் பிரிவாக்குங்கள். அதற்குள் தருக்கப் பிரிவுகளாக லினக்ஸுக்கும் இடம் கிடைக்கும், உங்கள் கோப்புகளுக்கும் கிடைக்கும். இன்னொன்று, பென்டிரைவ் தொடக்கப் பட்டியலில் இரண்டு முறை தெரியும். 'யுஇஎஃப்ஐ' என்ற முன்னொட்டு இல்லாததைத் தேர்ந்தெடுங்கள். அந்த எச்சரிக்கை வராது. ஒரே வட்டில் ஒன்று பயாஸ், மற்றொன்று யுஇஎஃப்ஐ என்று இருந்தால், எந்த இயங்குதளத்தைத் திறப்பது என்று கேட்கும் லினக்ஸின் தொடக்க நிரலான கிரப்பின் பட்டியலில் இருந்து விண்டோஸைத் திறக்க முடியாது.

நெய்தல்:
கருந்திரை சொன்ன காரணங்களில் பிழையில்லை. ஆனால் பிழைப்பு நடக்கும் கணினியில் இதைச் செய்யச் சொல்வதை ஏற்க மாட்டேன். ஒரு வட்டு, ஒரே தொடக்கச் செக்டர், அதற்கு இரண்டு உரிமையாளர்கள். நாளை யாராவது விண்டோஸில் இருந்துகொண்டு 'இது என்ன தெரியாத பிரிவு' என்று லினக்ஸ் பிரிவை நீக்கினால் போதும், மறுநாள் காலை 'கிரப் ரெஸ்க்யூ' என்ற கறுப்புத் திரைதான். விண்டோஸ் கோப்புகள் அப்படியே இருக்கும். திறக்க வழி இருக்காது. எனக்கே நடந்திருக்கிறது, அன்று ஒரு வேலை நாள் முழுவதும் போனது.

மேசைக்கணினிதானே? சுழலும் தட்டு இல்லாத சிறிய வட்டு, அதாவது எஸ்எஸ்டி ஒன்று வாங்கி, வட்டுகளைப் பொருத்தும் இரண்டாவது சாட்டா இணைப்பில் பொருத்துங்கள். லினக்ஸ் அதில் இருக்கட்டும்.

கருந்திரை:
நெய்தல், கிரப் ரெஸ்க்யூ சாவு ஓலை அல்ல. விண்டோஸ் 7 நிறுவல் வட்டைப் போட்டு தொடக்கச் செக்டரை மீண்டும் எழுதினால் விண்டோஸ் திறந்துவிடும். இரண்டு வட்டு வைத்தால் பாதுகாப்பு என்பதும் அரை உண்மைதான். இரண்டாம் வட்டில் லினக்ஸை நிறுவினாலும், தொடக்க நிரலை எங்கே எழுதுவது என்ற பெட்டியில் பெரும்பாலும் முதல் வட்டுதான் குறிக்கப்பட்டிருக்கும். கவனிக்காமல் போனால் அதே சிக்கல்தான்.

நெய்தல்:
அதனால்தான் நிறுவும்போது விண்டோஸ் வட்டின் கம்பியைக் கழற்றிவிடச் சொல்கிறேன். இல்லாத வட்டில் யாரும் எழுத முடியாது.

மணல்மேடு:
விண்டோஸ் 7க்கு ஆதரவு 2020 ஜனவரி 14ஆம் தேதியே முடிந்துவிட்டது. 2017 மே மாதம் வான்னாகிரை என்ற பணயத் தீநிரல் பரவியபோது அதிகம் சிக்கியவை விண்டோஸ் 7 கணினிகள். அதற்கான திருத்தம் அந்த ஆண்டு மார்ச்சிலேயே வந்திருந்தும் போடாமல் இருந்தவை. இனி இந்த இயங்குதளத்துக்குத் திருத்தமே வராது. லினக்ஸை மட்டும் நிறுவி, விண்டோஸை அதற்குள் மென்பொருளாகவே இயங்கும் மெய்நிகர் கணினிக்குள் வைப்பதே நல்லது.

கருந்திரை:
மணல்மேடு, பூட்டுக் கருவி பேரலல் போர்ட்டில் இருக்கிறது என்று அவர் முதலிலேயே எழுதியிருக்கிறார். மெய்நிகர் கணினிக்குள் அந்தப் போர்ட்டைக் கொண்டுபோவது எளிதல்ல. நினைவகமும் 4 ஜிபிதான். விண்டோஸில் இணையத்தைத் துண்டித்துவிட்டு அச்சு வேலைக்கு மட்டும் வைத்துக்கொள்ளட்டும். இணையத்துக்கு லினக்ஸ் என்று அவர் பிரிப்பதே அதற்குத்தானே.

நெய்தல்:
இதில் கருந்திரையோடு நிற்கிறேன். ஆனால் நாம் மூவரும் கேட்காத கேள்வி ஒன்று இருக்கிறது. அச்சுக்கூடம் ஐயா, அந்த வட்டுக்கு எத்தனை வயது? மின்ட் பென்டிரைவில் தொடங்கி, 'டிஸ்க்ஸ்' செயலியில் ஸ்மார்ட் தகவலை (வட்டு தன் நலத்தைப் பற்றித் தானே பதியும் கணக்கு) திறந்து, பழுதானதால் மாற்றி ஒதுக்கப்பட்ட செக்டர்களின் எண்ணிக்கையைப் பார்த்துச் சொல்லுங்கள். பிரிவுகளில் கை வைப்பது பிறகு.

அச்சுக்கூடம்:
கணினி வாங்கியபோது வந்த அதே வட்டு. எண்ணிக்கை 212 என்று காட்டுகிறது. அதற்குக் கீழே 'காத்திருப்பில்' 9.

கருந்திரை:
ஐயா, நான் சொன்ன வழியை இந்த வட்டில் செய்யாதீர்கள். காத்திருப்பில் இருப்பவை வட்டால் படிக்க முடியாமல் திணறும் செக்டர்கள். பிரிவை நீக்கி, மாற்றி எழுதி அதற்குச் சுமை ஏற்ற வேண்டாம். நல்ல வட்டு உள்ளவர்களுக்கு விரிவாக்கப் பிரிவு வழிதான் சரி என்பதில் எனக்கு இப்போதும் மாற்றமில்லை. உங்களுக்கு அது பொருந்தாது. இன்றே எழுத்துருக்களையும் பேஜ்மேக்கர் கோப்புகளையும் வெளி வட்டுக்கு எடுங்கள். பிறகு விண்டோஸைப் புது எஸ்எஸ்டிக்கு அப்படியே படியெடுங்கள்.

அச்சுக்கூடம்:
பத்திரிகைக் கோப்புகள் நகலாகிக்கொண்டிருக்கின்றன. இரண்டு எஸ்எஸ்டிக்குச் சொல்லிவிட்டேன், விண்டோஸுக்கு ஒன்று, மின்ட்டுக்கு ஒன்று. பென்டிரைவில் இருந்து பார்த்தபோது கடிகாரம் ஐந்தரை மணி நேரம் முன்னால் ஓடியது. அதுவும் வட்டுக் கோளாறா?

நெய்தல்:
இல்லை ஐயா. விண்டோஸ் கணினிக் கடிகாரத்தில் உள்ளூர் நேரத்தை எழுதுகிறது. லினக்ஸ் அதை உலகப் பொது நேரம் என்று எடுத்துக்கொண்டு, இந்திய நேரத்துக்காக ஐந்தரை மணியைக் கூட்டுகிறது. நிறுவிய பிறகு, கடிகாரத்தில் இருப்பது உள்ளூர் நேரம் என்று மின்ட்டுக்கு ஒரே கட்டளையில் சொல்லிவிடலாம். எஸ்எஸ்டி வந்ததும் எழுதுங்கள். கம்பியைக் கழற்றிய பிறகே பென்டிரைவைச் செருகுங்கள்.